ஓட்டு கேட்டு வரப்போறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்க வார்டு கவுன்சிலர் அவர்களுக்கும், அடுத்த தேர்தல்ல நிக்கப்போற எல்லா கட்சிக்காரங்களுக்கும் வணக்கம்.

2022 பிப்ரவரி மாநகராட்சி தேர்தல்ல சென்னைல 44 சதவீதம்கூட ஓட்டு விழலன்னு எல்லாரும் எங்கள திட்டினாங்க. வேளச்சேரி பக்கம் பள்ளத்துல இருக்கிற எங்க தெரு ஜனங்க அன்னிக்கு காலைலயே பூத்துக்கு போயாச்சு சார், முந்தின நவம்பர் மழை தண்ணில நின்னவங்களுக்கு க்யூல நிக்கிறது ஒரு விஷயமா. மெயின் ரோட்டு அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடில இருக்கிறவங்களுக்குத்தான் அது லீவு நாள். சட்டசபைக்குன்னா கட்சி பார்த்து குத்துவோம், வார்டுக்கு தண்ணி பார்த்துதான்.

எங்க கஷ்டம் உங்களுக்கு தெரியாததில்ல. பழைய ரோட்ட சுரண்டாம மேல மேல போட்டு வீடெல்லாம் ரோட்டுக்கு கீழ போயிடுச்சு. நல்லா ஒரு மழை பெஞ்சா டிரெயினேஜ் கலந்த தண்ணி நேரா சம்புக்குள்ள எறங்குது, மறுநாள் மோட்டார் போட்டா குழாய்ல பழுப்பா நாத்தத்தோட வருது, அப்புறம் ஆள் வெச்சு சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டு, அதுவரைக்கும் குழந்தைய குளிப்பாட்டக்கூட கேன் தண்ணிதான். சம்ப் வாய சுத்தி ரெண்டு வரி செங்கல் வெச்சு ஏத்தினோம், அடுத்த தடவ ரோடு போட்டதுல அதுவும் சமமாயிடுச்சு. புதுசா கட்டின மழைநீர் வடிகால் தெருமுனையோட நிக்குது. லெவல் பார்த்துதான் கட்டிருக்கோம்னு சொன்னாங்க, தண்ணிக்குத்தான் அது தெரியல போல.

நாங்க கேக்கிறது ஒண்ணுதான். வடகிழக்கு பருவமழைக்கு முன்னாடி ஏரியா சபைய, அதான் வார்டுக்குள்ள ஒரு பகுதி வாக்காளர்கள் கூடி குறைய பேசுற கூட்டத்த, எங்க தெருவுலயே கூட்டுங்க, இன்ஜினியரையும் கூட்டிட்டு வாங்க. ஏரியா சபைக்கான விதியெல்லாம் 2022லயே வந்தாச்சு, புதுசா யாரையும் கேக்க வேண்டியதில்ல.

2016 அக்டோபர்லேருந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே இல்லாம ஓட்டினோம். இப்ப இருக்காங்க, ஆனா வித்தியாசம் பிறந்தநாள் பேனர்லதான் தெரியுது. ஓட்டுக்கு கவர் குடுக்கிற அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை, நீங்க குடுக்கிறது ஒரு தடவ சம்ப் கழுவவே பத்தாது, விலைவாசி பார்த்து ஏத்துங்க.

மன்னிக்கணும், கோவத்துல எங்கயோ போயிட்டேன். தயவுசெஞ்சு மழைக்கு முன்னாடி ஏரியா சபைய எங்க தெருவுல கூட்டுங்க, ஞாயித்துக்கெழமைன்னா எல்லாரும் இருப்போம். சேர், டீ எங்க செலவு. வடிகால் லெவல் மேப்ப மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
பள்ளத்து தெரு வாக்காளர்