தூக்க மாத்திரை கேட்டு வருபவரிடம்: வடசென்னை மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை மருந்துக்கடை நடத்துபவர்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

காசிமேட்டில் விடியுமுன்னே மீன் ஏலம், துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட், பகலில் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை இறக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இங்கே தூக்கம் கெட்டவர், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு வாங்குமுன் உங்களிடம்தான் வருகிறார். "தூக்கமே வரலண்ணா, எதனா குடு."

கொடுப்பதற்கு முன், அவர் ஏற்கெனவே என்ன விழுங்குகிறார் என்று கேளுங்கள். இளைப்புக்கு இரவில் போடும் டெரிஃபிலின் காபி மாதிரி விழிக்க வைக்கும். ஸ்டீராய்டு மாத்திரையான ப்ரெட்னிசலோனை மாலையில் போட்டாலும் அப்படித்தான். நீர் பிரியும் மாத்திரையை ராத்திரி போட்டவர் நாலு தடவை எழுந்து போவார். இதை எழுதிய டாக்டரிடம் நேரத்தை மாற்றக் கேட்கச் சொன்னாலே சிலருக்குப் புது மாத்திரை தேவைப்படாது. பலத்த குறட்டையும் பகலில் தூங்கி வழிவதும் இருந்தால் தூக்க மாத்திரை ஆபத்து, மூச்சு இன்னும் தடைபடலாம்.

அவிலை உதிரியாக வெட்டிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். அது அலர்ஜி மருந்து, தூக்கம் அதன் பக்கவிளைவு. சில நாளிலேயே உடம்பு பழகிவிடும், ஒன்று இரண்டாகும். ப்ராஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளும். பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய்த்தூள் போட்டுக் குடிப்பவரை விட்டுவிடலாம். ஒரு முழுக்காயை அரைத்துக் குடிப்பவரைத் தடுங்கள்: வாந்தி, படபடப்பு, பிதற்றல்.

அல்பிரசோலம், டயசிபம், நைட்ரசிபம், சோல்பிடெம் ஆகிய தூக்க, பதற்ற மாத்திரைகள் எல்லாம் அட்டவணை எச்1, அதாவது டாக்டர் சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டியவை. பதிவேட்டை மூன்று வருடம் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் சொல்ல வந்தது வேறு. பழைய சீட்டோடு வந்து, "நிறுத்திப் பாத்தேன், மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல" என்பாரே, அவரைப் பற்றி. அது பெரும்பாலும் பழைய நோய் திரும்பியது அல்ல, மாத்திரை வெளியேறும்போது காட்டும் எதிர்வினை. அதை நோய் என்று நம்பித்தான் அடுத்த அட்டை விற்பனையாகிறது. மாதக்கணக்கில் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம், அதனால் "உடனே விட்டுடு" என்றும் சொல்லிவிடாதீர்கள். டாக்டர் மேற்பார்வையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காமல் இறங்க வேண்டும். பலருக்கு அதையும்விட மெதுவாக. இதோடு குவாட்டரும் சேர்ந்தால் மூச்சு நின்று போகக்கூடும்.

கஞ்சாவிலும் இதே கதைதான். முதலில் படுத்தவுடன் தூக்கம் வரும், கனவு குறையும். சில வாரங்களில் அதே பொட்டலம் போதாது. விட்டால் இரண்டொரு நாளில் வியர்வை, எரிச்சல், பயங்கரக் கனவு. முதல் வாரம் உச்சம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும், கனவு மட்டும் இன்னும் சில வாரம்கூட இழுக்கலாம். இந்தக் கணக்கு தெரியாத பையன் நாலாம் நாள் மறுபடி பொட்டலத்துக்கோ, உங்களிடம் மாத்திரைக்கோ வருவான். அவனை விரட்டாதீர்கள். கேஸுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாதவர்களுக்கு, 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைச் சொல்லுங்கள்: சிறு அளவு குற்றத்தில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் விட்டால் அது பறிபோகலாம்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையே இல்லை. ஒரு வாரம் படுத்த நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுபவர் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால், இனி பன்னிரண்டரைக்குப் படுக்கட்டும், ஆறுக்கே எழட்டும். பாயில் கிடக்கும் நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு தூக்கமானதும் கால் மணி நேரம் கூட்டலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக்கூடாது. இருபது நிமிடம் புரண்டால் எழுந்து வாசலில் உட்காரட்டும். ஒற்றை அறை வீட்டில் வேறு எங்கே போவது? முதல் வாரம் பகலில் கண் சொக்கும். கன்டெய்னர் லாரி, கிரேன் ஓட்டுபவர்களும், வலிப்பு அல்லது இருதுருவ மனநோய் உள்ளவர்களும் டாக்டர் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். கல்லாப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பெரிய எழுத்தில். தூங்காத கண்ணோடு வருபவர் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வடசென்னையில் தூக்கமின்மைக்கும் போதை மீட்புக்கும் ஆலோசனை தருபவர்கள்