குடிநீர்த் திருப்பணி நிறைவு அறிக்கை: நல்கைப் போட்டியில் பெற்ற தொகையும் முடித்த பணியும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

நம் ஊரில் மழைநீர்க் குடிநீர்த் தொட்டிகள் கட்டும் பணி நிறைவு பெற்றுவிட்டது. பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், காலனி வீடுகள் என எல்லா இடத்துத் தொட்டிகளும் ஒரு பருவமழையில் நிரம்பின. அந்த நீரைக் கொண்டே கடந்த கோடையைக் கடத்தியிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையொப்பத்துடன் தனியே இணைக்கப்பட்டுள்ளது. அதன் நகல் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. நல்கைப் போட்டி (தேர்ந்தெடுத்த திட்டங்களுக்கு நிதியுதவி தரும் போட்டி) வழியே வந்த தொகை எங்கிருந்து, எந்த நிபந்தனைகளோடு வந்தது, வேறு வழிகள் இருக்க மழைநீரை ஏன் தேர்ந்தெடுத்தோம், இனி நம் பொறுப்பு என்ன என்பவற்றை இந்த அறிக்கையில் விளக்குகிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. நம் நிலத்தடியிலுள்ள கருங்கற்பாறையின் கனிமங்களிலிருந்து அது நீரில் கரைகிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரில் கூடுதலாகவே கரைகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் ஆழ்துளைக் கிணறுகள் இந்த மேல் வரம்பையும் தாண்டியவை. பிள்ளைகளின் முன்பற்களில் படியும் பழுப்புக் கோடுகளையும், ஐம்பது வயதுக்குள் முதுகை நிமிர்த்த முடியாமல் போன பெரியவர்களையும் நாம் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறோம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு, 2013 முதல் இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டு வருகிறது. அது இந்த மண்ணுக்குக் கிடைத்த பெரும் வரம். ஆயினும் நம் குடியிருப்பு மேட்டிலும் குழாயின் கடைக்கோடியிலும் இருப்பதால், கோடையில் அழுத்தம் குறையும் நாட்களில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் குழாயடிக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்த இடைவெளியை அடைப்பது மட்டுமே நம் திட்டத்தின் நோக்கம்.

நல்கைப் போட்டியில் கலந்துகொள்வது என்று பொதுக்குழு முடிவு செய்தபோது, வெளிநாட்டு அமைப்புகள் நடத்தும் பெரிய போட்டிகளில் ஏன் நுழையவில்லை என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். வெளிநாட்டு நிதியைப் பெற 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். முறையான பதிவுக்குச் சங்கம் மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும்; அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் தன் பணிகளில் செலவிட்டிருக்கவும் வேண்டும். பதிவு பெற்ற பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாகத் தொகையைப் பெறலாம் என்றால், 2020ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றொருவருக்கு மாற்றித் தருவதைத் தடுத்துவிட்டது. நம்மைப் போன்ற சிற்றூர்ச் சங்கத்துக்கு அந்தக் கதவு அநேகமாக மூடியே இருக்கிறது. ஆகவே உள்நாட்டு நிதியைக் கொண்டு நடத்தப்படும், புதுமையான சமூகத் திட்டங்களுக்கான போட்டி ஒன்றையே தேர்ந்தெடுத்தோம்.

போட்டிக்கான கருத்துரு (திட்ட முன்மொழிவு) எழுதும் முன், இத்தகைய போட்டிகளில் வென்ற திட்டங்கள் பிற நாடுகளில் என்ன ஆயின என்பதைக் குழு தேடிப் படித்தது. உலக வங்கி 1998இல் தன் ஊழியர்களுக்குள் தொடங்கி, 2000இல் வெளியாருக்கும் திறந்துவிட்ட ‘டெவலப்மென்ட் மார்க்கெட்பிளேஸ்’ போட்டி இவ்வகையில் முன்னோடி. 2003இல் அதில் வென்றவற்றுள் ஒன்று, நேபாளத்தின் தராய்ச் சமவெளியில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்த கிணற்று நீருக்காக மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினரும் நேபாள அமைப்பினரும் சேர்ந்து உருவாக்கிய கஞ்சன் வடிகட்டி. ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அடியில் சரளையும் மணலும். மேலே ஒரு தட்டில் செங்கல் துண்டுகளும் இரும்பு ஆணிகளும். ஆணி துருப்பிடிக்கிறது, ஆர்செனிக் அந்தத் துருவில் ஒட்டிக்கொள்கிறது. எல்லாப் பொருளும் உள்ளூர்க் கடையில் கிடைப்பவை. இவ்வளவு எளிய கருவிக்குப் பரிசளித்த நடுவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே வகை வடிகட்டி கம்போடியாவில், இரும்பு குறைந்து பாஸ்பேட் மிகுந்த நீரில் எதிர்பார்த்த அளவு ஆர்செனிக்கைப் பிடிக்கவில்லை. ஓரிடத்து நீருக்குப் பொருந்தியது இன்னோர் இடத்து நீருக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அதிலிருந்து உறுதியாகப் பிடித்துக்கொண்டோம்.

இதைவிட நமக்கு நெருக்கமானது மேற்கு வங்கத்தின் அனுபவம். அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் ஆர்செனிக் நீக்கத்துக்காக நடத்திய கிரெய்ஞ்சர் போட்டியில் 2007இல் முதற்பரிசான 10 லட்சம் டாலரை, வங்கதேசத்தில் பிறந்த வேதியியலாளர் அபுல் உசாம் தம் சோனோ வடிகட்டிக்காகப் பெற்றார். பரிசின் பெரும்பகுதியை வடிகட்டிகளை மக்களுக்கு வழங்கவே ஒதுக்கினார். இரண்டாம் பரிசான 2 லட்சம் டாலர், லீஹை பல்கலைக்கழகத்தின் அருப் சென்குப்தா குழுவுக்குக் கிடைத்தது. அவர்களுடைய கருவி வீட்டுக்கு ஒன்றாக வைப்பதன்று. மேற்கு வங்கத்து ஊர்களின் கைபம்பிலேயே பொருத்தும் உருளை. அதைப் பராமரிப்பது ஊர்க்காரர்களே அமைத்த குழு. வீடுகளிலிருந்து மாதந்தோறும் சிறு தொகை வாங்கி, உருளைக்குள் ஆர்செனிக்கைப் பிடிக்கும் பொருள் திறன் இழந்தால் எடுத்துப் புதுப்பித்து, வெளியேறும் நச்சுக் கழிவையும் மண்ணில் கலக்காமல் பாதுகாக்கிறார்கள். பல ஊர்களில் அக்கருவிகள் ஆண்டுக்கணக்கில் ஓடியதற்கு அந்த மாதத் தொகையும் அதை வசூலித்த குழுவுமே காரணம் என்று நம் குழு நம்புகிறது. நம் திட்டத்தின் அடித்தளம் அங்கிருந்து எடுத்ததுதான்.

கருத்துருவின் முதற்கட்டத் தேர்வு முடிந்து நேர்காணலுக்கு அழைக்கப்பட்டபோது, நடுவர்கள் கேட்ட முதல் கேள்வி, மழைநீர்த் தொட்டியில் என்ன புதுமை என்பது. தமிழ்நாட்டில் 2003 முதலே கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ள நிலையில் அது நியாயமான கேள்வியே. நீர்மட்டத்தைக் கைபேசியில் காட்டும் கருவியைச் சேர்த்தால் மதிப்பெண் கூடும் என்று நலம் விரும்பிகள் சிலர் முன்னரே ஆலோசனை கூறியிருந்தார்கள். குழு அதை ஏற்கவில்லை. மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டால் தெரிகிற மட்டத்துக்குக் கருவி வாங்கினால், அது பழுதாகும் நாளில் யார் சரிசெய்வது? புதுமை தொட்டியில் இல்லை, ஃபுளோரைடு பாதித்த ஊரில் குடிக்கவும் சமைக்கவுமான நீரை மட்டும் தனியே பிரித்து, அதைக் குடியிருப்போரே சோதித்து, பராமரிப்பு நிதியைக் கட்டுமானத்துக்கு முன்பே திரட்டித் தொடங்குவதில்தான் இருக்கிறது என்று நம் பிரதிநிதிகள் பதில் சொன்னார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவினர் வீடுவீடாக எழுதி வாங்கிய ஒப்புதல் பதிவேட்டை நடுவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். தேர்வில் எடை பெற்றது அந்தப் பதிவேடுதான் என்று முடிவுக் கடிதம் குறிப்பிட்டிருந்தது.

மற்ற வழிகளையும் ஆராய்ந்தே விலக்கினோம். ஃபுளோரைடை நீக்க, நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) வகுத்த நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் அன்றாடம் அளந்து கலக்க வேண்டும். அலுமினியம் கலந்த கசடு மிஞ்சும். ஃபுளோரைடைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா நன்றாக வேலை செய்யும். ஆனால் அது திறன் இழந்ததும் காஸ்டிக் சோடாவும் அமிலமும் கொண்டு புதுப்பிக்க வேண்டும், அதற்கான மையம் நமக்கு அருகில் இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் மின்சாரம் கேட்கும். உள்ளே விடும் நீரில் ஒரு பெரும்பங்கைச் செறிந்த உப்போடு வெளியே தள்ளும். தண்ணீரே அரிதான ஊரில் அது வேண்டாம் என்று தோன்றியது. மழைநீரில் ஃபுளோரைடு இல்லை எனலாம். 25 சதுர மீட்டர்த் தளமுள்ள ஒரு தொகுப்பு வீட்டின் மேல் ஆண்டில் 800 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்தாலே 16,000 லிட்டர். ஐந்து பேர் குடிக்கவும் உலை வைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் என்று கொண்டால், 5,000 லிட்டர்த் தொட்டி 200 நாளைக்குப் போதும். தை முதல் சித்திரை வரையுள்ள வறண்ட மாதங்களை இதில் தாராளமாகக் கடக்கலாம்.

தொட்டிகள் ஃபெரோசிமென்ட் முறையில் கட்டப்பட்டன. வெல்டு மெஷ்ஷை வட்டமாக நிறுத்தி, அதன் மேல் கோழிவலையைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கி, ஒரு பங்கு சிமெண்டும் இரண்டு பங்கு சலித்த மணலும் கலந்த கலவையை உள்ளும் புறமும் கையால் அழுத்திப் பூசுவது இம்முறை. சுவர் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான். கொத்தனார்களுக்கு முதல் தொட்டியில் பழக்கமில்லாமல் கலவை வழிந்தது. இரண்டாம் தொட்டியிலிருந்து வலைக்குப் பின்னால் ஒருவர் பலகையைப் பிடிக்க, முன்னால் ஒருவர் பூச, வேலை ஓட்டம் பிடித்தது. பூச்சு காய்ந்துவிடாமல் இரண்டு வாரம் ஈரச் சாக்கால் போர்த்தி வைக்க வேண்டியிருந்தது. பங்குனி வெயிலில் அந்த நனைப்புக்கான நீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியவர்கள் நம் பெண்கள். தொட்டிகளில் கசிவு இல்லாமைக்கு அவர்கள் உழைப்பே முதற்காரணம் என்பதைக் குழு நன்றியோடு பதிவு செய்கிறது.

கூரையிலிருந்து இறங்கும் குழாயில், தொட்டிக்கு முன்பாக ஒரு செங்குத்துப் பிவிசி குழாய் இருக்கிறது. முதல் மழையில் கழுவி வரும் தூசியும் பறவை எச்சமும் அதில் நிரம்பிய பிறகே நல்ல நீர் தொட்டிக்குத் திரும்பும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அடிமூடியைக் கழற்றி அதை வடித்துவிட வேண்டும். காற்றுக் குழாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் கொசுவலை கட்டியுள்ளோம். டெங்குக் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும் என்பதால் இதில் சிறிதும் தளர்வு கூடாது.

ஓட்டு வீடும் கூரை வீடும் உள்ளவர்களின் நிலைதான் குழுவை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தளம் போட்ட வீட்டுக்கே தொட்டி என்றால், ஊரிலேயே மிக ஏழ்மையானவர்கள் வெளியே நிற்பார்கள். மேலும் நல்கை விதிப்படி தொட்டி அமையும் இடத்துக்குப் பட்டா நகல் இணைக்க வேண்டும். பட்டா இல்லாத குடும்பங்கள் அந்த ஒரு காகிதத்தால் விலக்கப்பட்டன. எளியோருக்காகவே நடத்தப்படும் போட்டியில் இப்படி ஒரு விதி இருப்பது வருத்தத்துக்குரியது. அதைத் தளர்த்தக் கேட்டும் இயலாதபோது, சமுதாயக் கூடத்தின் அகன்ற தளத்தைக் கொண்டு பொதுத்தொட்டி ஒன்றைப் பெரிதாகக் கட்டி, அக்குடும்பங்களுக்கு அட்டை முறையில் நீர் வழங்குவதென்று தீர்மானித்தோம். சமுதாயக் கூடம் காலனியில் இருக்கிறது. மேல்தெருக் குடும்பங்களும் அங்கேயே வந்து, அதே வரிசையில் நின்று, அதே குழாயில்தான் பிடிக்க வேண்டும் என்பதைப் பொதுக்குழு ஒருமனதாக ஏற்றது. இத்திருப்பணியில் குழு மிகவும் மதிப்பது இந்தத் தீர்மானத்தையே.

தொகை மூன்று தவணைகளில் வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் முந்தையதன் பயன்பாட்டுச் சான்றிதழ், அளவைப் பதிவேடு, நிழற்படங்கள் ஆகியவை கேட்கப்பட்டன. இறுதித் தவணை பணி முடிந்த சான்றுக்குப் பிறகுதான். ஆகவே கடைசித் தொட்டிகளுக்கான சிமெண்டையும் கம்பியையும் கைக்காசு போட்டே வாங்க வேண்டியிருந்தது. மகளிர் குழு தன் சேமிப்பிலிருந்து வட்டியில்லாமல் கைமாற்றுத் தந்தது. இறுதித் தவணை வந்ததும் அது முழுமையாகத் திருப்பித் தரப்பட்டுவிட்டது. உள்ளூர்ப் பங்களிப்பாக நாம் காட்டியது உழைப்பு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ இருந்த நாட்களை மட்டுமே நிதி வழங்கியோர் ஏற்றார்கள்.

பணி முடிந்தபின், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு ஆழ்துளை நீரையும் தொட்டி நீரையும் சேர்த்தே அனுப்பினோம். தொட்டிகளின் நீர் எல்லாமே 1 மில்லிகிராமுக்கு மிகக் கீழே இருந்தது. சோதனைப் பெட்டியைக் கையாளப் பள்ளிப் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். மருந்தின் இளஞ்சிவப்பு ஆழ்துளை நீரில் மஞ்சளாக வெளிறுவதையும், தொட்டி நீரில் அப்படியே நிற்பதையும் பெற்றோர்கள் நேரில் பார்த்தபின், களி கிண்டவும் தொட்டி நீரையே எடுக்கத் தொடங்கினார்கள். சமையலில் சேரும் ஃபுளோரைடும் உடலுக்குள்தான் போகிறது என்பதை அதுவரை சொல்லிப் புரியவைப்பது கடினமாக இருந்தது.

நிதி வழங்கியோருக்கு அனுப்பிய இறுதி அறிக்கையில் மூன்று வேண்டுகோள்களை வைத்திருக்கிறோம். கருத்துருவைத் தமிழிலும் எழுத இடம் தர வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர் கிடைக்காத காரணத்தால் எத்தனையோ நல்ல திட்டங்கள் போட்டிக்கே வராமல் நிற்கின்றன. ஏற்கெனவே கட்டியதைப் பழுது பார்ப்பதற்கும் நல்கையில் ஒரு பிரிவு ஒதுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதியதையே தேடும் போட்டி, ஓடிக்கொண்டிருப்பதைக் காக்க எதுவும் தருவதில்லை. பட்டா விதிக்கு மாற்றாக ஊராட்சியின் குடியிருப்புச் சான்றை ஏற்க வேண்டும். பதில் வந்ததும் உறுப்பினர்களுக்குத் தெரிவிப்போம்.

நல்கைக் காலம் முடிந்துவிட்டதால் இனி எந்தத் தவணையும் வராது. பராமரிப்பு நிதி தனிச் சேமிப்புக் கணக்கில், தலைவர், பொருளாளர், மகளிர் குழுப் பிரதிநிதி ஆகிய மூவரில் இருவர் கையொப்பத்தில் இயங்குகிறது. மாதப் பங்கைச் செலுத்தாத வீடுகள் நிலுவையை வரும் பொதுக்குழுவுக்கு முன் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வைகாசி மழைக்கு முன் எல்லாத் தொட்டிகளையும் வடித்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, தளத்தைப் பெருக்கி, அறுந்த கொசுவலைகளை மாற்ற வேண்டும். இதற்கான தெருவாரிப் பொறுப்பாளர் பட்டியல் சமுதாயக் கூடத்தில் ஒட்டப்பட்டுள்ளது. பொதுத்தொட்டியின் சாவியை அடுத்த ஆண்டுக்கு யார் வைத்திருப்பது என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யும்.

இங்ஙனம்,
குடிநீர்த் திருப்பணிக் குழு