அச்சிடக் கொடுத்த ஓவியத்தை அனுமதியின்றி விற்பது குறித்த புகார்

பெறுநர்: குறைதீர் அலுவலர்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் ஓவியர் குழு 12 கேன்வாஸ் பிரிண்டுகளுக்குப் பணம் கட்டி உங்களிடம் ஓவியக் கோப்பைக் கொடுத்தது. பிரிண்டுகளில் குறையில்லை. ஆனால் அதே ஓவியம் இப்போது உங்கள் தளத்தில் போஸ்டராக விற்பனையாகிறது. ஓவியர் பெயர் எங்கும் இல்லை. வலது கீழ் மூலைக் கையெழுத்தை வெட்டியிருக்கிறீர்கள். கடைசி எழுத்தின் மேற்சுழி மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

‘இணையத்தில் கிடைத்த படம்’ என்ற உங்கள் பதிலை ஏற்க முடியாது. இணையத்தில் நாங்கள் போட்டிருப்பது 1,200 பிக்சல் அகலப் படம். அதை 24 அங்குல அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 50 பிக்சல்தான் தேறும். கோடுகள் மங்கி, விளிம்புகள் படிக்கட்டாகத் தெரியும். உங்கள் போஸ்டரை வாங்கிப் பார்த்தோம். தூரிகை மயிரின் தடம்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. உங்களிடம் தந்த 7,200 பிக்சல் டிஃப் (TIFF) படக் கோப்பு இல்லாமல் அது வராது.

விதிமுறைக் கட்டத்தில் டிக் அடித்ததால் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது என்கிறீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், உரிமையாளரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, ராயல்டி எவ்வளவு என்று சொல்லியிருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு. இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். உங்கள் விதிமுறையில் படைப்பின் பெயரும் இல்லை, தொகையும் இல்லை. உரிமையை எழுதியே கொடுத்திருந்தாலும், 57-ஆம் பிரிவுப்படி படைத்தவர் என்று உரிமை கோருவது ஓவியரிடமே இருக்கும்.

பதிவுச் சான்றிதழ் கேட்டீர்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. வரைந்த அன்றே அது பிறந்துவிடுகிறது. ‘21 நாளில் நீதிமன்ற உத்தரவு கொண்டு வாருங்கள்’ என்பதும் பொருந்தாது. அந்த 21 நாள் விதி அதே சட்டத்தின் 52(1)(சி) பிரிவில் வருவது. அது தரும் பாதுகாப்பு, பிறர் ஏற்றியதைத் தற்காலிகமாகச் சேமித்து வைப்பவருக்கு. நீங்களோ நீங்களே அச்சிட்டு, சுருட்டி, பெட்டியில் போட்டு விற்கிறீர்கள்.

போஸ்டரை உடனே நீக்குங்கள். கோப்பை, பேக்கப் நகல்களோடு அழித்து எழுத்தில் உறுதி தாருங்கள். இதுவரை விற்ற எண்ணிக்கை, விலை, ஆர்டர் தேதிகளுடன் கணக்கு வேண்டும். ஓவியருக்குச் சேர வேண்டிய தொகையை அதை வைத்தே பேசுவோம். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 55-ஆம் பிரிவின் கீழ் தடையாணையும் இழப்பீடும் கோரி வழக்குத் தொடுப்போம்.

இப்படிக்கு,
ஓவியர் குழு சார்பில்

இணைப்பு: ஆர்டர் ரசீது, போஸ்டர் ரசீது, இரு மூலைகளின் ஒப்பீட்டுப் படம், தேதியுடன் கூடிய ஸ்கிரீன்ஷாட்