ரெசின் இறுகவில்லை என்று மனம் நொந்தவர்களுக்கு ஒரு மடல்

அன்பான அண்ணன்மார், தம்பிமார், நானாமார் அனைவருக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கல்லடியிலுள்ள எங்கள் கடையில் ரெசினுக்குள் (பைபரில் ஊற வைத்து இறுக விடும் பிசின்) தண்ணீர் கலக்கிறார்களாம், அதனால்தான் படகுக்குப் போட்ட பைபர் (கண்ணாடி நார்ப் பூச்சு) நாட்கணக்காகப் பிசுபிசுக்கிறதாம். பேசியவர் கடைக்கு வந்து கேட்டிருக்கலாம். சரி, அதை விடுவோம்.

தண்ணீர்க் கதையை மட்டும் விட முடியவில்லை. நாங்கள் விற்கும் பொலியெஸ்டர் ரெசினோடு தண்ணீர் சேராது. ஊற்றிக் கிளறினால் மோர் மாதிரி வெளுத்துவிடும், கண் தெரிந்த எவரும் வாங்க மாட்டார். எங்கள் ரெசின் இளம் ஊதாவாகத் தெளிந்து இருப்பது உங்களுக்கே தெரியும். இறுகலைத் தூண்டுவதற்காகக் கம்பனியிலேயே கலந்து வரும் கோபால்ட்டின் நிறம் அது. ரெசினை இறுக வைக்கும் திரவமான ஹார்ட்னரை விட்டால் அந்த நிறம் மாற வேண்டும்; மாறாவிட்டால் நீங்கள் ஹார்ட்னர் விட மறந்திருக்கிறீர்கள். இன்னும் சந்தேகம் என்றால் வாருங்கள். பீப்பாவிலிருந்து உங்கள் கையாலேயே ஒரு பேணி எடுங்கள், தராசில் நிறுத்து ஹார்ட்னர் விடுவோம். தேநீர் குடித்துக் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அது ஜெலி ஆவதைப் பார்க்கலாம். தண்ணீர் கலந்தவன் இப்படிக் கூப்பிடுவானா?

பிசுபிசுப்புக்கு வருவோம். காற்றுப் படும் மேற்பரப்பில் ஒட்சிசன் இறுகலைத் தடுக்கும். நாங்கள் தரும் சாதாரண ரெசினில் மெழுகு இல்லை, அதனால் மேல்தோல் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அடுத்த மெற் (கண்ணாடி நார் விரிப்பு) நன்றாகப் பிடிப்பதற்கு அந்த ஒட்டல் தேவை. கடைசிப் பூச்சுக்கு மட்டும் மெழுகு கலந்ததை வாங்குங்கள், அல்லது மேலே பொலித்தீன் விரித்துக் காற்றுப் படாமல் மூடுங்கள். அசிற்றோன் (ரெசினைக் கழுவும் திரவம்) நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். பசை போய் உள்ளே கல்லாக இருந்தால் உங்கள் வேலையில் பிழை இல்லை. துடைக்கத் துடைக்க இளகினால்தான் அது இறுகாத ரெசின்.

அப்படி இறுகாமல் போனவற்றில் நான் பார்த்த பெரும்பாலானவை மூடிக் கணக்கில் ஹார்ட்னர் விட்டவை. ஒவ்வொரு போத்தல் மூடியும் ஒவ்வொரு அளவு. ஒரு கிலோ ரெசினுக்கு நம் ஊர் வெயிலில் 10 முதல் 15 கிராம் போதும், 20-ஐத் தாண்ட வேண்டாம். வாளியிலேயே இறுகிவிடும் என்று பயந்து 5 கிராமோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வாளிக்குள் சூடு தேங்கும், அதனால் அங்கே சீக்கிரம் இறுகும். மெற்றின் மேல் மெல்லியதாகப் பரப்பினால் சூடு போய்விடும். ஆகவே ஹார்ட்னரைக் குறைக்காதீர்கள், ஒரு தடவைக்குக் கலக்கும் ரெசினைக் குறையுங்கள்.

மாரியில் இன்னொரு தொல்லை. சீமெந்துத் தரையில் கிடந்த மெற் ஈரத்தை இழுத்துவிடும். கழுவிய தூரிகையில் மிஞ்சும் அசிற்றோனும் கெடுக்கும். இரண்டையும் நன்றாகக் காயவைத்து எடுங்கள். இலேசாக இளகியது ஓரிரு நாள் நல்ல வெயிலில் தேறலாம். திரவமாகவே கிடப்பதைச் சுரண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். அதன் மேல் ஹார்ட்னர் கூட்டிய ரெசினைப் பூசினால் மேல்தோல் இறுகும், அடி அப்படியே கிடக்கும்.

அறுகம்பையில் கடலலைச் சறுக்குப் பலகை திருத்தும் தம்பிமாருக்கு: ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பலகையில் பொலியெஸ்டர் படவே கூடாது, அதிலுள்ள ஸ்டைரீன் போமைக் கரைத்துவிடும். அதற்கு எபொக்சி என்ற வேறு வகை ரெசின்தான். எபொக்சியில் ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, கடைசிவரை இறப்பர் போலவே இருக்கும். பேணியில் எழுதிய விகிதப்படியே அளந்து கலந்து, ஓரங்களையும் அடியையும் சுரண்டிக் கிளறுங்கள்.

கோபால்ட்டைத் தனியாக வாங்குகிறவர்கள் அதை ஹார்ட்னரோடு நேரே சேர்க்கவே வேண்டாம், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகுதான் மற்றது. இதை வாங்கும்போதே சொல்கிறேன், சிலர் போனில் பேசிக்கொண்டே தலையாட்டுகிறார்கள்.

குரல் பதிவு வந்த பிறகும் வாழைச்சேனையிலிருந்தும் கல்முனையிலிருந்தும் பஸ் ஏறி வந்து வாங்கிய உங்களை மறக்க மாட்டேன். "நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்" என்று வாசலில் நின்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்களால்தான் கடை திறந்திருக்கிறது.

சாமான் நிறுத்துத் தந்த தம்பி வெளிநாடு போய்விட்டதால் சில்லறைக்கு இனிக் காலையில் மட்டும் வாருங்கள். புதிய விலை பலகையில் இருக்கிறது, கடன் கொப்பி இந்த மாதத்தோடு மூடப்படுகிறது. இறுகாத துண்டு இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கடைக்காரர், கல்லடி, மட்டக்களப்பு