சுவருக்கு வெளியே ஒரு மாதம்

மாப்ளே,

சுவர், கோட்டை, கடல் என்று வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து நீ காட்டியது ஒற்றைக் கட்டைவிரல். போகட்டும், உன் போன கடிதத்துக்கு நானும் பதில் போடவில்லை, கணக்கு நேராகிவிட்டது. ஆனால் இந்த ஊரில் கேட்ட ஒரு சங்கதியை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? வீட்டில் ஆரம்பித்தேன். "ரிட்டயர் ஆகியும் சுகாதார ஆபீஸ் புத்தி போகலை" என்று எழுந்து போய்விட்டாள்.

இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி அவளுக்கு, சர்க்கரை எனக்கு. உன் கண் விஷயம் தங்கச்சி போனில் சொன்னாள். அதைக் கடைசியில் பேசிக்கொள்கிறேன்.

மகள் ஜெர்மனியிலிருந்து டிக்கெட் போட்டு எங்களைக் கப்பலில் ஏற்றி, தானும் கூட வந்தாள். கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாடி மாடியாக லாட்ஜ், அவ்வளவுதான். தயிர் என்று ஒரு இனிப்புக் களிம்பு வைக்கிறார்கள், அதை மன்னிக்க முடியாது. ஒன்று மட்டும் பிடித்தது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டு, பாட்டாகவே பாடி, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் கை கழுவ வைக்கிறான். ஒருத்தருக்கு நோரோ வைரஸ் வந்தால் கப்பல் முழுக்க வாந்தி பேதி ஆகிவிடும் என்ற பயம். மற்ற எல்லோரும் முகம் சுளித்தார்கள். நான் அவனுக்கு ஒரு சல்யூட் வைத்தேன்.

குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்பது க்ரூஷ் துறைமுகத்தில். அங்கிருந்து பஸ் பிடித்து பீலே வாசலில் இறங்கினால் பழைய நகரம். சுற்றிலும் 1,940 மீட்டருக்குச் சுவர், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். மேலே ஏறி நடக்க டிக்கெட், நம்ம காசில் ஆளுக்கு ஏறத்தாழ நாலாயிரம் வருகிறது. மூட்டுவலிக்காரிதான் முதலில் ஏறினாள். மேலிருந்து பார்த்தால் ஓடு போட்ட கூரைகள், பாதிக்கு மேல் பளிச்சென்று புது ஓடு, இடையிடையே வெளுத்த பழைய ஓடு. புதிதாக இருப்பதெல்லாம் 1991-இல் யூகோஸ்லாவியப் படை போட்ட முற்றுகையில் குண்டு விழுந்து மாற்றியதாம். அந்த வருஷம் டிசம்பர் 6-ஆம் தேதிதான் மிக மோசமான நாள். கரண்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் ஊர் அடைந்து கிடந்திருக்கிறது. குண்டு போடுவது தெரிந்த சேதி, தண்ணீரை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது நமக்குத்தானே தெரியும்? எனக்கு அதற்கு மேல் கடல் அழகு பார்க்க ஓடவில்லை.

கீழே இறங்கியதும் எதிரிலேயே ஒனோஃப்ரியோ நீரூற்று. பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு கல் முகம், அதன் வாயிலிருந்து குழாய். 12 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊற்றிலிருந்து, மோட்டார் கிடையாது பம்பு கிடையாது, வாட்டத்திலேயே தண்ணீரை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள், 1438-இல். இன்றைக்கும் குடிக்கலாம். நான் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "அப்பா, குளோரோஸ்கோப் கொண்டுவரலையா?" என்று மகள் கேட்டாள், தண்ணீரில் குளோரின் பார்க்கும் நம்ம பழைய கருவியை நினைத்து. உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு அந்த வாட்டம்தான் ஆச்சரியம். நம்ம மேலத்தெரு தொட்டிக்கு அரைக் கிலோமீட்டர் லைன் போட்டு, தண்ணீர் ஏறாமல், மேஸ்திரி நடுரோட்டில் உட்கார்ந்து அழுதது ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் நம்ம விஷயத்துக்கு வருகிறேன். வழிகாட்டி ஒருத்தர் எங்களைக் கிழக்கே ப்ளோச்சே வாசலுக்கு வெளியே கூட்டிப்போனார். கடலை ஒட்டி வரிசையாகக் கல் கட்டடங்கள், நடுவே முற்றங்கள். பேர் லாசரேட்டி. இப்போது அதில் நாட்டுப்புற நடனமும் கலை நிகழ்ச்சியும் நடக்கிறது. நம்ம கூட்டம் ஐந்து நிமிஷத்தில் ஐஸ்கிரீம் தேடிப் போய்விட்டது. நான் மட்டும் அந்த மனுஷரைப் பிடித்துக்கொண்டேன். மாப்ளே, அது தனிமைப்படுத்தும் முகாம்! துருக்கி நாட்டுப் பக்கமிருந்து வரும் வியாபாரியும் சரக்கும் அங்கே தங்கி, நாள் கழிந்த பிறகுதான் வாசலுக்குள் வர முடியும்.

அந்தக் கட்டடம் பிற்காலத்தது. சட்டம் அதற்கு ரொம்ப முந்தியது. ரகுசா என்று பேர் வைத்துக்கொண்டு இது தனிக் குடியரசாக இருந்த காலம். 1377 ஜூலை 27-ஆம் தேதி பெரிய மன்றம் கூடி ஒரு தீர்மானம் போட்டது: கொள்ளைநோய் உள்ள ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு மாதம் மர்க்கான் தீவிலோ சவ்டாட் ஊரிலோ இருந்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். அவர்களைப் போய்ப் பார்த்த உள்ளூர்க்காரனும் அங்கேயே முப்பது நாள் இருக்க வேண்டும். காண்டாக்ட் கேஸ்! யெர்சின் என்ற டாக்டர் அந்தப் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தது 1894-இல். கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இவர்கள் சர்க்குலர் போட்டுவிட்டார்கள்.

காரணத்தைக் கேள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மற்ற ஊர்கள் நோய் வந்தால் கதவைச் சாத்திவிடும். ரகுசாவுக்கு வயலும் இல்லை, வரப்பும் இல்லை. கப்பலும் வியாபாரமும் நின்றால் பட்டினிதான். அதனால் சாத்தவும் முடியாது, திறந்துவிடவும் முடியாது. காத்திருக்க வைத்தார்கள். அப்புறம் இந்த வேலையைப் பார்க்கவே அதிகாரிகளை நியமித்தார்கள், கசமோர்ட்டி என்று பேர். யாருக்கு நோய், யாரோடு பழகினான், எங்கே அடைப்பது என்று அலைகிற வேலை. பேர்தான் வேறே, நம்ம சீட்டுதான் அது.

அந்தக் குடியரசுக் காலத்தில் ஊர் தலைவருக்குப் பதவிக்காலம் ஒரே மாதம். அந்த மாதம் முழுக்க அரண்மனையை விட்டு, அரசு வேலை இல்லாமல் வெளியே வரக்கூடாது. நம்ம குண்டு சாரை அங்கே உட்கார வைத்திருந்தால்! புரோட்டாக் கடை கேஸே வந்திருக்காது.

எல்லோரும் சுவரைத்தான் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவர் எத்தனை நாள் ஊரைக் காப்பாற்றியது என்று பார்த்தால், துருக்கி சுல்தானுக்கு வருஷம் 12,500 டுக்கட் பொன் கப்பம் கட்டியதும், அந்தக் குழாயும், இந்த முகாமும்தான் அதைவிட அதிகம் உழைத்திருக்கின்றன என்று தோன்றுகிறது. கப்பம் கட்டியவனுக்கும் குழாய் போட்டவனுக்கும் யார் டிக்கெட் வாங்குகிறார்கள்?

அந்த முற்றத்தில் நின்றபோது 2020 ஞாபகம் வந்தது. சோதனைச்சாவடி, பள்ளிக்கூட வகுப்பறையில் பாய், வாசல் வாசலாக நாம் ஒட்டிய நோட்டீஸ். ஒரு அம்மா நம்ம ஜீப் மேல் மண்ணை வாரித் தூற்றினாளே. மர்க்கான் பாறையில் கிடந்தவர்களும் அந்தக் கசமோர்ட்டிகளை இப்படித்தான் சபித்திருப்பார்கள். நம்மைச் சபித்ததில் எனக்கு வருத்தமே கிடையாது, அவர்கள் நிலைமை அது. டிரைவர் அண்ணனை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை. ஊரையெல்லாம் வண்டியில் ஏற்றி இறக்கியவர், 2021-இல் தனக்கு மூச்சு முட்டியபோது, ஆக்சிஜன் படுக்கைக்கு நாம் போட்ட போனெல்லாம்... விடு. அண்ணி பென்ஷன் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது? நீ ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுது. போனில் கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது.

இப்போது அந்த ஊருக்கு வந்திருக்கும் கொள்ளைநோய் நாங்கள்தான். சுவருக்குள் 1991-இல் ஐயாயிரம் பேர் அளவில் குடியிருந்தார்களாம், இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வீடெல்லாம் வாடகை அறையாகிவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு கப்பல், நாலாயிரம் பயணிகள், அதற்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ராடூன் தெருவில் நசுங்கியபோது அந்த நாலாயிரமும் என் காலைத்தான் மிதிக்கிறது என்று பட்டது. வரம்பை இன்னும் பாதியாகக் குறைத்தால் தப்பில்லை. நான் வந்துவிட்டேன், இனிமேல் குறைக்கட்டும்.

சரி, உன் கண். புரை முற்றட்டும் என்று காத்திருப்பது அந்தக் காலத்து வைத்தியம், அதை நீயே எத்தனை முகாமில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறாய்? தீபாவளிக்குள் முடித்துவிடு. தேதி சொன்னால் நான் வந்து கூட இருக்கிறேன், தங்கச்சிக்கு அலைச்சல் வேண்டாம்.

பீலே வாசலுக்குப் பக்கத்தில் பிரான்சிஸ்கன் மடத்து மருந்துக்கடை ஒன்று இருக்கிறது, 1317-லிருந்து இருக்கிறதாம். அங்கே தங்கச்சிக்கு ஒரு ரோஜா க்ரீம் வாங்கினேன். பையன் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். காலாவதித் தேதி பார்த்துத்தான் வாங்கினேன், நீ வேறு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே.

உன்
கொசு