கல் ஆமை பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் குரல் பதிவை உங்களில் பலர் எங்களுக்கே அனுப்பி, "இது நம்ம ட்ராவல்ஸ் பத்தியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், எங்களைப் பற்றித்தான். பேசியிருப்பவர் சென்ற ஆகஸ்டில் எங்கள் பட்டுப்பாதைப் பயணத்தில் வந்தவர். அவர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

மங்கோலியாவில் கெர் என்ற வட்டக் கூடாரத்தில் இரவுக் குளிர் தாங்கவில்லை என்றார். ஆகஸ்டிலும் அங்கே இரவு குளிரும். கூடுதல் கம்பளி வாங்கி வைத்திருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. கழிப்பறை தள்ளி இருந்தது, நான்கு நாள் ரசம் கண்ணில் படவில்லை, தலைநகர் உலான்பாத்தரிலிருந்து வேனில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனது என்றார். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் பதிவின் நடுவில் ஒரு வரி வருகிறது. "மூணு லட்சம் ரூபாய் வாங்கிட்டு, பொட்டல் காட்டுல ஒரு கல் ஆமையைக் காட்டிட்டுக் கூட்டிட்டு வந்துட்டாங்க, சுத்த ஏமாத்து." முதல் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் மூன்று லட்சம் இல்லை, ரூ. 2,85,000 தான். அதை விடுங்கள். "ஏமாத்து" என்ற சொல்லுக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கல் ஆமை இருக்கும் இடம் காரகோரம், மங்கோலியப் பேரரசின் பழைய தலைநகர். உலான்பாத்தரிலிருந்து ஏறக்குறைய 360 கிலோமீட்டர், ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. செங்கிஸ்கானின் மகன் ஒகதாய் 1235-ல் இந்த ஊருக்கு மதில் எழுப்பினான். கொரியாவின் எல்லையிலிருந்து காஸ்பியன் கடல் தாண்டி ரஷ்யப் புல்வெளி வரை உத்தரவு போன இடம் இதுதான். உணவும் பானமும் ஏற்றிய 500 வண்டிகள் நாள்தோறும் இந்த ஊருக்கு வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதுகிறார். விளைச்சல் இல்லாத புல்வெளியில் ஒரு தலைநகரை உட்கார வைத்தால் வேறு வழி?

1254-ல் வில்லியம் ரூப்ருக் என்ற பிளெமிஷ் துறவி இங்கே வந்து, பார்த்ததை எழுதி வைத்தார். முஸ்லிம் வணிகர்களின் சந்தையோடு ஒரு பகுதி, சீனக் கைவினைஞர்களின் பகுதி இன்னொன்று. பன்னிரண்டு கோயில்கள், இரண்டு மசூதிகள், ஊர்க்கோடியில் ஒரு தேவாலயம். கிழக்கு வாசலில் தினையும் தானியமும், மேற்கு வாசலில் செம்மறியும் வெள்ளாடும், தெற்கில் மாடும் வண்டியும், வடக்கில் குதிரையும் விற்றார்கள். நம்மூர் வாரச்சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதைக் கண்ணை மூடினாலே பார்க்க முடியும்.

அரண்மனை வாசலில் ஒரு வெள்ளி மரம் இருந்தது. செய்தவர் பாரீஸைச் சேர்ந்த பொற்கொல்லர் கியோம் பூஷே. ஹங்கேரியில் மங்கோலியர் கையில் சிக்கி, அத்தனை தூரம் கொண்டுவரப்பட்டவர். அவருடைய சகோதரர் அப்போதும் பாரீஸ் பாலத்தின் மேல் வசித்துவந்தார். மரத்தடியில் நான்கு வெள்ளிச் சிங்கங்கள், அவற்றின் வாயிலிருந்து குதிரைப்பால். மேலே கிளைகளிலிருந்து பொன்முலாம் பூசிய பாம்புகள் வழியாகத் திராட்சை மது, தெளியவைத்த குதிரைப்பால், தேன்மது, அரிசிமது. உச்சியில் எக்காளம் பிடித்த தேவதை. துருத்தி வைத்து ஊத முதலில் முயன்றார்கள், காற்றின் பலம் போதவில்லை. கடைசியில் மரத்துக்கு அடியில் ஓர் ஆளை ஒளித்து வைத்து ஊதச் செய்தார்கள்.

இத்தனையும் எழுதிய அதே ரூப்ருக், கானின் அரண்மனையைக் கழித்துவிட்டால் இந்த ஊர் பாரீஸை ஒட்டிய செயின்ட் டெனி கிராமத்துக்கும் ஈடாகாது என்றும் எழுதினார். 770 வருஷத்துக்கு முன்பே, ஊர் உயிரோடு இருந்தபோதே, வந்தவர் ஒருவருக்கு ஏமாற்றம் இருந்திருக்கிறது. இதை உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் பிழை. எங்கள் அறிவிப்புத் தாளில் இருந்த பெரிய படம் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கும் ஊரின் மாதிரி. "மாதிரி" என்ற சொல்லைப் படத்தின் கீழ் போட விட்டுவிட்டோம். "ஒகதாயின் அரண்மனை மேடை" என்றும் அச்சடித்திருந்தோம். 1940-களில் சோவியத் ஆய்வாளர்கள் அப்படி நினைத்ததுதான். 2000-க்குப் பிறகு நடந்த ஜெர்மானிய மங்கோலிய அகழாய்வில் அது பெரிய பௌத்தக் கோயில் என்று தெரிந்துவிட்டது. பழைய தாளையே திருத்தாமல் அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஊர் எங்கே போயிற்று என்ற கேள்வியும் நியாயம். செங்கிஸ்கானின் பேரன் குப்லாய் கான் தலைநகரை இன்றைய பெய்ஜிங் பக்கம் கொண்டுபோனான். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் சீனத்து மிங் அரசின் படைகள் வந்து மிச்சத்தை அழித்தன. 1585-ல் தொடங்கிய எர்தீன் சூ மடத்துக்கு இடிந்த ஊரின் கல்லையே எடுத்தார்கள். 108 தூபிகள் வரிசையாக நிற்கும் அந்த வெள்ளை மதிலைப் பார்த்தீர்களே, காரகோரத்தின் கற்கள் அங்கேதான் போயின. ஒகதாயின் அரண்மனையும் அந்த மடத்தின் அடியில் கிடக்கலாம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். எடுத்துப்போகாமல் விட்டவற்றில் ஒன்று அந்த ஆமை.

ஆமையின் முதுகைக் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் நீள்சதுரமாக ஒரு பள்ளம் இருக்கிறது. கல்வெட்டுப் பலகை ஒன்று அதில் நின்றிருந்தது. சில வருஷம் முன்பு எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மங்கோலியர் கட்டியிருந்த நீலத்துணியை மெல்ல விலக்கி அந்தப் பள்ளத்துக்குள் கையை வைத்தார். மழைத்தண்ணீர் தேங்கி இருந்தது. ஈரக்கையைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். எங்கள் வழிகாட்டித் தம்பி சட்டைப்பையிலிருந்து மங்கோலியப் பணமான 5,000 துக்ரிக் நோட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அதன் பின்பக்கத்தில் அந்த வெள்ளி மரம் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பூஷேயின் கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். வேனுக்குத் திரும்ப அன்று ஒருவருக்கும் மனமில்லை.

அந்தத் தம்பி சென்ற ஜூலையில் எங்களிடம் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒன்பது வருஷம் கூட இருந்தவர். அவர் போனதற்கான காரணத்தை இங்கே எழுத விரும்பவில்லை, அவர் நன்றாக இருக்கட்டும். ஆகஸ்ட் குழுவுக்கு அவசரமாக உள்ளூர் வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்தோம். நல்ல மனிதர், ஆனால் பத்து நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டார். கதை தெரியாமல் நின்றால் அது கல் ஆமைதான். பதிவில் பேசியவர் பார்த்தது அதைத்தான், அவர் மேல் தப்பில்லை.

போனவர் சிலரிடம் முன்பணம் வாங்கியிருந்தார், எங்கள் கணக்கில் அது வரவு வைக்கப்படவில்லை. ரசீது வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அந்தப் பணத்துக்கு நாங்கள் பொறுப்பு. மங்கோலியப் பேரரசில் இப்படி ஒரு விவகாரம் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒகதாயின் மகன் குயுக் கானும் அவன் குடும்பமும் வணிகர்களிடம் சரக்கு வாங்கிவிட்டு, பணத்துக்குச் சீட்டு மட்டும் எழுதிக்கொடுத்திருந்தார்கள். கான் இறந்த பிறகு வணிகர்கள் அந்தச் சீட்டுகளோடு அடுத்துக் கானான மோங்கேயிடம் வந்தார்கள். கருவூலம் இதைக் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் மோங்கே 5,00,000 வெள்ளி பாலிஷுக்கு (அக்காலத்து வெள்ளிப் பாளம்) மேல் கொடுத்துத் தீர்த்தான் என்கிறார் ஜுவைனி.

படையெடுப்பும் தலைவெட்டும் மட்டும்தான் மங்கோலியர் என்று நினைப்பவர்களுக்கு இந்த வணிகக் கதைகளைச் சொல்ல எனக்கு ஆசை அதிகம். ஒகதாய் வணிகரிடம் வாங்கும் சரக்குக்கு விலைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்வானாம். விலையே அதிகம், மேலே எதற்கு என்று அதிகாரிகள் கேட்டபோது, உங்களுக்கும் அவர்கள் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதற்காகத்தான் என்றானாம். அரசகுடும்பத்தின் பணத்தை முதலாக வாங்கி வியாபாரம் செய்து லாபத்தைப் பங்கிட்ட கூட்டாளி வணிகர்களுக்கு "ஓர்தோக்" என்றே தனிப் பெயர் இருந்தது. கானின் தங்கப் பட்டயத்தைக் கையில் வைத்திருந்தால் வழியெல்லாம் குதிரை, சாப்பாடு, துணை. மார்க்கோ போலோவின் தந்தையும் அவருடைய சகோதரரும் அப்படி ஒரு பட்டயத்தோடுதான் குப்லாயிடமிருந்து ஊர் திரும்பினார்கள்.

இத்தாலியில் புளோரன்ஸின் பார்தி வணிக நிறுவனத்தில் வேலைபார்த்த பெகோலோட்டி, 1340 வாக்கில் வணிகர்களுக்காக வழிக்குறிப்பு எழுதினார். அசோவ் கடலோரத்துத் தானா ஊரிலிருந்து அஸ்திரகான் பக்கம் போக மாட்டுவண்டியில் 25 நாள். மத்திய ஆசியாவில் உர்கெஞ்சிலிருந்து ஒத்ராருக்கு ஒட்டகவண்டியில் 35 முதல் 40 நாள். ஒத்ராரிலிருந்து அல்மாலிக்குக் கழுதையில் 45 நாள். அங்கிருந்து சீன எல்லைப் பக்கம் இன்னும் 70. பெய்ஜிங் போய்ச் சேர மொத்தம் ஒன்பது மாதம். தாடியை வளர்த்துக்கொள், மழிக்காதே என்கிறார். மொழிபெயர்ப்பாளரில் கஞ்சம் பிடிக்காதே, நல்ல ஆளாகப் பார்த்து வை என்கிறார். சகோதரனோ கூட்டாளியோ இல்லாமல் வழியில் செத்தால் சரக்கெல்லாம் அந்த நாட்டு அரசனுக்கு. ஆனாலும் பகலிலும் இரவிலும் பயமில்லாத பாதை என்று வணிகர்கள் சொல்வதாக எழுதுகிறார். அந்தக் கழுதை வழியில் கொஞ்சத்தைத்தான் நாம் 14 நாளில் விமானத்திலும் வேனிலும் தொட்டுவிட்டு வருகிறோம்.

ஒத்ராரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1218-ல் செங்கிஸ்கான் அனுப்பிய சுமார் 450 வணிகர்களை அந்த ஊர் ஆளுநன் கொன்று, சரக்கைப் பிடுங்கிக்கொண்டதுதான் மத்திய ஆசியா முழுதும் எரிந்த போருக்குத் தொடக்கம். இந்த ஆண்டு ஒத்ரார் நம் பாதையில் இல்லை. விமானக் கட்டணமும் டாலரும் ஏறியதால் புதிய கட்டணம் ரூ. 3,20,000. முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய கட்டணமே.

காரகோரத்தை விட்டுவிட்டு சமர்கண்டிலேயே நான்கு நாள் கூடுதலாக இருக்கலாமே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சமர்கண்டின் நீலக் குவிமாடங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் பீபி கானிம் மசூதி, கூர் எமீர் எல்லாம் இந்த மங்கோலியக் கான்களுக்குப் பிந்திய தைமூர் காலத்தவை, ரெஜிஸ்தான் அதற்கும் பிந்தியது. போலோ சகோதரர்கள் மூன்று வருஷம் மாட்டிக்கொண்டிருந்த புகாராவில், 1127-ல் கட்டிய கல்யான் மினார் இன்றும் நிற்கிறது. 1220-ல் செங்கிஸ்கான் வந்தபோதும் அது நின்றது. அந்த வணிகர்கள் நிமிர்ந்து பார்த்த அதே மினாரை நாமும் நிமிர்ந்து பார்க்கிறோம். அங்கே இந்த முறை ஒரு மாலை முழுதும் விட்டுவைத்திருக்கிறோம்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பதிவு பரவத் தொடங்கிய மறுநாளே காரைக்குடியிலிருந்து ஒரு தம்பதி திருச்சிக்குப் பேருந்தில் வந்து, அலுவலகத்தில் உட்கார்ந்து, "நாங்க மூணு தடவை வந்திருக்கோம், நாலாவதுக்கும் பேர் எழுதிக்கோங்க" என்றார்கள். சீடை டப்பா ஒன்றையும் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்கள். காயல்பட்டினத்திலிருந்து வந்த குடும்பம், தங்கள் ஊரில் மார்க்கோ போலோ கப்பல் பார்த்ததைக் குழுவுக்கே எடுத்துச் சொன்னது எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் வரும் செகசைகான், குப்லாய்தான். கானின் நலனுக்காக, அவன் "பர்மான்" (அரசாணை) படி, ஒரு தமிழர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அது. அந்தப் பாரசீகச் சொல் தமிழ் எழுத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பயணத்தை நாங்கள் தொடங்கியதே அந்தக் கல்வெட்டின் படத்தைப் பார்த்துத்தான்.

அடுத்த குழு ஆகஸ்டில் கிளம்புகிறது. காரகோரத்தில் இனி நானே கூட நின்று கதை சொல்கிறேன். சென்ற ஆகஸ்டில் வந்த பதினாறு பேரும், குரல் பதிவு போட்டவர் உட்பட, ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்கு வாருங்கள். அன்று சொல்லாமல் விட்டதை எல்லாம் படங்களோடு சொல்கிறேன். வருவதற்கு முன் ஒரு போன் செய்தால் காபி போட்டு வைக்கிறோம். புதிய அறிவிப்புத் தாள் அச்சில் இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தக் கல் ஆமையின் படத்தைப் பெரிதாகப் போட்டு, பின்னால் இருக்கும் வெற்று நிலமும் தெரியும்படி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உரிமையாளர்
திருச்சி