மாட் லூயிஸ் எங்கே?

ஆசிரியருக்கு,

கனடிய ஓவியர்கள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில் 'குரூப் ஆஃப் செவன்' என்ற இயற்கைக்காட்சி ஓவியர் குழுவினரே இடத்தை அடைத்துக்கொண்டார்கள். மாட் லூயிஸுக்கு ஒரு வரிகூட இல்லை! கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாத ஓரறை வீட்டில், மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு வரைந்தவர் அவர். கதவு, படிக்கட்டு, அடுப்பு, ரொட்டி டப்பா என்று கைக்கெட்டிய எதையும் அவருடைய தூரிகை விட்டுவைக்கவில்லை. வாசலில் வண்டியை நிறுத்தியவர்களுக்கு இரண்டு மூன்று டாலருக்குப் படங்களை விற்றார். 1970இல் மறைந்தார். பின்னாளில் சாண்ட்விச்சுக்குப் பண்டமாற்றாகக் கைமாறிய அவருடைய கறுப்பு டிரக் ஓவியம், 2022இல் 3,50,000 கனடிய டாலருக்கு ஏலம் போனது. (லாபம் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?) அந்தக் குட்டி வீடு இப்போது அந்த மாகாணத்தின் தலைநகரான ஹாலிஃபாக்ஸில் உள்ள கலைக்கூடத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் அதன் படத்தையாவது வண்ணத்தில் வெளியிடுங்கள்.

வாசகி, கும்பகோணம்